ஸ்க்ரம் என்றால் என்ன? சின்னக் குழுவுக்கு அது எப்படி உதவும்?

மென்பொருள் போன்ற பெரிய வேலையை ஒரு மாதத்துக்கு மேற்படாத துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் பாவிக்கக்கூடிய ஏதாவதொன்றைக் கையில் கொடுக்கும் முறைதான் ஸ்க்ரம். அந்தத் துண்டுக்குப் பெயர் ஸ்பிரிண்ட். பலர் இரண்டு கிழமை வைப்பார்கள்.

மென்பொருள் கேட்பவருக்கு, கண்ணால் பார்க்கும்வரை தனக்கு என்ன வேண்டும் என்று முழுசாகத் தெரியாது. ஆறு மாதம் கழித்துக் காட்டி "இதில்லை" என்றால் அவ்வளவும் வீண். இரண்டு கிழமையில் காட்டினால் நட்டம் இரண்டு கிழமைதான்.

சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதை இரணைமடுக் குளத்தில் கிடக்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள், ஆசையைப் பார்த்து அல்ல. ஸ்பிரிண்ட் திட்டமிடலும் அதே மாதிரி. பேக்லொக் என்ற வேலைப் பட்டியலை முக்கியத்துவப்படி அடுக்குவது புரொடக்ட் ஓனர், அதாவது என்ன செய்யவேண்டும் என்பதற்குப் பொறுப்பானவர். அதில் எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்வது வேலை செய்பவர்கள். கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு நெல் கொள்வனவுச் செயலி செய்கிறீர்கள் என்றால், "விவசாயி தன் மூட்டைக் கணக்கைப் போனில் பார்க்கலாம்" என்பது அந்தப் பட்டியலில் ஒரு வரி. நிரலை எழுதினால் மட்டும் போதாது, சோதித்து ஓடினால்தான் அது முடிந்த வேலை.

தினமும் 15 நிமிடச் சந்திப்பு, ஸ்பிரிண்டின் கடைசியில் செய்ததைக் காட்டிக் கருத்துக் கேட்டல், பிறகு குழு தன் வேலைமுறையைத் திருத்தல். ஆட்கள் 10 பேருக்குள். வழமையாகச் சறுக்குவது, நடுவில் "இதையும் ஒருக்காச் சேர்த்து விடுங்கோ" என்பதற்குத் தலையாட்டும்போதுதான். எடுத்த வேலையும் அரைகுறையாகிவிடும்.

குழுவில் ஸ்க்ரம் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார், அவரை மேலாளர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் வேலை பிரித்துக் கொடுப்பவரல்ல, முறை ஒழுங்காக நடக்கவும் தடைகள் நீங்கவும் உதவுபவர்.