ஆப்பிரிக்க மலேரியா ஊசி நம் தோட்டத்துக்கு உதவுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் காட்டோரமாகக் குலை வெட்டுகிறார். போன வருடம் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. முதலில் டிங்கி என்றார்கள். மூன்று நாள் கழித்துத்தான் குரங்கு மலேரியா என்று தெரிந்தது. நல்லபடியாகத் தேறிவிட்டார். இப்போது படிவம் ஐந்தில் படிக்கும் என் மகன் ஒரு வீடியோ காட்டினான். அதில் மலேரியாக் கிருமி தோலுக்குள் வளைந்து வளைந்து ஓடுகிறது. இப்படி ஓடுவதைப் பார்த்துத்தான் தடுப்பூசி தயாரிக்கிறார்கள் என்கிறான். ஆப்பிரிக்காவில் ஊசி வந்துவிட்டதாமே, காசு கொடுத்தாவது அவருக்குப் போட முடியுமா? அந்த நோய் திரும்ப வருமா?

பதில்: முடியாதம்மா. பணம் இருந்தாலும் கிடைக்காது. அப்படியே கிடைத்தாலும் உங்கள் வீட்டுக்காரருக்கு உதவாது. காரணம் உங்கள் மகன் காட்டிய வீடியோவிலேயே இருக்கிறது.

ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீந்துகிறது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டு சொல்லும் பிடிப்பதில்லை, ஏனென்றால் அதற்குக் காலும் இல்லை, துடுப்பும் இல்லை. கொசுவின் உமிழ்நீரோடு உடம்புக்குள் இறங்கும் இந்த உருவத்துக்கு ஸ்போரோசோயிட் என்று பெயர். பிறை போல் வளைந்த உடம்பு, நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அது வழுக்கிக்கொண்டு போகிறது. தோட்டத்தில் கால்வாய் வெட்ட வரும் மண்வாரி இயந்திரத்தின் சங்கிலிப் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். பட்டை தரையைக் கவ்விப் பின்னால் போக, வண்டி முன்னால் நகரும். இதுவும் அப்படித்தான். கிருமியின் மேல்பரப்பில் உள்ள 'டிராப்' என்ற புரதம் சுற்றியிருக்கும் திசுவைப் பற்றிக்கொள்ளும். நம் தசைகளை இயக்கும் ஆக்டின், மயோசின் வகைப் புரதங்கள் கிருமிக்குள்ளும் இருந்து அந்தப் பிடியைப் பின்பக்கமாக இழுக்கும். பின்முனைக்கு வந்ததும் பிடி வெட்டுப்படும், முன்னால் புதுப் பிடி விழும்.

வேகம் விநாடிக்கு ஒன்று முதல் இரண்டு மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. இது ஒரு வேகமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதைப் பிடிக்கவேண்டிய நம் வெள்ளணுக்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு வேகம் இது. கண்ணாடித் தட்டில் விட்டால் செக்குமாடு போல ஒரே வட்டமடிக்கும். தோலுக்குள் விட்டால் வழி தேடி அலையும்.

அந்த அலைச்சலில்தான் விஷயமே இருக்கிறது. கொசு நேராக இரத்தக் குழாயில் கிருமியை ஏற்றிவிடுகிறது என்று நாங்கள் படித்த காலத்தில் நினைத்திருந்தோம். பெரும்பாலானவற்றை அது தோலில்தான் விடுகிறது. 2006-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் எலித் தோலுக்குள் இந்தப் பயணத்தைப் படம்பிடித்து அளந்தார்கள். இறக்கிவிடப்பட்ட சில பத்துக் கிருமிகளில் சில தோலிலேயே தங்கிவிடுகின்றன. சில நிணநீர் வழியாகப் போய் முடிச்சுகளில் அழிகின்றன. மீதிதான் இரத்தக் குழாயைக் கண்டுபிடித்துக் கல்லீரலுக்குப் போய்ச் சேர்கின்றன. ஒன்று போய்ச் சேர்ந்தாலே போதும். கல்லீரல் உயிரணுவுக்குள் புகுந்துவிட்டால், கிருமியைப் பிடிக்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளால் அதைத் தொட முடியாது. அங்கே சில நாள் இருந்து ஆயிரக்கணக்கில் பெருகி வெளியே வரும். காய்ச்சல் அதற்குப் பிறகுதான்.

ஆக, ஊசியால் உண்டாகும் எதிர்ப்பொருள் வேலை செய்யக் கிடைப்பது கிருமி தோலில் அலையும் நேரமும் கல்லீரலுக்குப் போகும் வழியும்தான். அதிகம் போனால் ஓரிரு மணி நேரம். இப்போதுள்ள ஊசிகள் குறிவைப்பது ஸ்போரோசோயிட் போர்த்தியிருக்கும் 'சிஎஸ்பி' என்ற புரதப் போர்வையை. எதிர்ப்பொருள் அதில் ஒட்டிக்கொண்டால் போர்வை உரிந்து பின்னால் இழுபடும், கிருமி சேற்றில் சிக்கிய சைக்கிள் மாதிரி நின்றுவிடும். நகர முடியாத ஸ்போரோசோயிட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. நகர்வதைப் படம்பிடிப்பது ஊசிக்கு எப்படி உதவும் என்று மகன் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மற்றப் பல நோய்களில் கிருமி நுழைந்த பிறகு உடம்பு படை திரட்ட நாட்கள் கிடைக்கும். இங்கே அதற்கு நேரமில்லை. கொசு வந்து உட்காரும் முன்பே எதிர்ப்பொருள் நிறைந்து நிற்க வேண்டும். அளவு குறையக் குறைய ஒன்றிரண்டு தப்பிவிடும். ஆர்டிஎஸ்எஸ் என்ற முதல் ஊசியை உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் பரிந்துரைத்தது, ஆர்21 என்ற அடுத்ததை 2023 அக்டோபரில். முதல் ஊசியை 5 முதல் 17 மாதக் குழந்தைகளுக்கு 4 தடவை போட்டுப் பார்த்ததில், 4 ஆண்டுகளில் மலேரியா ஏறத்தாழ 36 விழுக்காடு குறைந்தது. இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ஒரே பிள்ளைக்கு வருடத்தில் பல முறை மலேரியா வரும் ஊர்களில் அது பெரிய காரியம்.

ஆனால் அது அந்த ஊர்க் கிருமிக்காகச் செய்தது. சிஎஸ்பி போர்வையின் நடுப்பகுதி மணிமாலை மாதிரி. ஃபால்சிபாரம் என்ற ஆப்பிரிக்கக் கொலைகாரனின் மாலையில் ஒரே 4 அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்பக் கோத்திருக்கும். இரண்டு ஊசிகளும் உடம்புக்குக் காட்டிக்கொடுப்பது அந்த மணிகளை. உங்கள் வீட்டுக்காரரைப் பிடித்தது நோலெசி என்ற குரங்கு மலேரியாக் கிருமி. அதன் மணிகளே வேறு, நோலெசிக்குள்ளேயே ரகத்துக்கு ரகம் மாறுபவை. பக்கத்து வீட்டுச் சாவியை வைத்து நம் பூட்டைத் திறக்க முடியுமா? நோலெசிக்கு என்று இன்றுவரை ஊசி கிடையாது. பயணிகளுக்கும் பெரியவர்களுக்கும் அந்த ஆப்பிரிக்க ஊசிகள் பரிந்துரைக்கப்படவும் இல்லை.

நோலெசி நம் நாட்டுக் கதை. மனிதனுக்கு இது இயற்கையாகத் தொற்றும் என்று முதலில் தெரிந்தது 1965-இல், பகாங் காட்டில் வேலை பார்த்துத் திரும்பிய ஓர் அமெரிக்க நில அளவையாளர் மூலம். பிறகு பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2004-இல் சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங் குழுவினர் 208 மலேரியா நோயாளிகளின் இரத்தத்தை மரபணு முறையில் சோதித்தபோது 120 பேருக்கு நோலெசி இருந்தது. நுண்ணோக்கியில் அது மலேரியே என்ற சாதுவான வகை போலவே தெரிவதால் ஆள் மாறாட்டம் நடந்திருக்கிறது. மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவும் பழைய மலேரியா உள்நாட்டில் 2018-இல் பூஜ்யத்துக்கு வந்தது. குரங்கிலிருந்து வருவது மட்டும் நிற்கவில்லை.

உங்கள் பாட்டி காலத்துத் தோட்ட மலேரியா வேறு. காட்டை அழித்துப் பால்மரம் நட்டபோது வெயில் பட்ட ஓடைகளில் பெருகிய கொசு அதற்குக் காரணம். 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டியும், பிற்பாடு நீரில் எண்ணெய் தெளித்தும் அடக்க முயன்றது அதைத்தான். கொய்னா மருந்தின் கசப்பைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இப்போது குரங்கு மலேரியாவைக் கொண்டுவரும் கொசு நிழலான காட்டில் இருப்பது, பொழுது சாயும் நேரத்திலிருந்து வெளியிலேயே கடிப்பது. அதனால் படுக்கையில் கொசுவலை கட்டினால் மட்டும் போதாது. வேலை முடிந்து காட்டோரமாக உட்கார்ந்து பேசுவதை உங்கள் வீட்டுக்காரர் விட வேண்டும். முழுக்கைச் சட்டை, கொசு விரட்டும் களிம்பு இரண்டும் வேண்டும். அங்கே குரங்குகள் கூடும் இடத்தில் இருட்டும்வரை நிற்கக் கூடாது.

திரும்ப வருமா என்று கேட்டீர்கள். விவாக்ஸ் மலேரியா கல்லீரலில் தூங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து எழுந்திருக்கும். நோலெசிக்கு அந்தத் தூக்கம் இல்லை. மருந்தை முழுதாகச் சாப்பிட்டிருந்தால் பழைய நோய் அதோடு முடிந்தது. ஆனால் புதுக் கடியில் புது நோய் வரலாம், ஒரு முறை வந்தவர் என்பதால் தப்பிவிட முடியாது.

வந்தால் நாள் கடத்தக் கூடாது. இரத்தத்தில் ஃபால்சிபாரமும் விவாக்ஸும் ஒரு சுற்றுப் பெருக 48 மணி நேரம் எடுக்கும். நோலெசிக்கு 24 மணி நேரம் போதும். பெனடோல் போட்டுக்கொண்டு ஒரு வாரம் பார்ப்போம் என்பது இந்த நோயில் நடக்காது. டிங்கியைப் போலவே இதிலும் பிளேட்லெட் குறையும் என்பதால்தான் போன முறை குழப்பம் வந்திருக்கும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் முதல் வாக்கியமே 'காட்டோரத்தில் வேலை செய்கிறேன், முன்பு குரங்கு மலேரியா வந்திருக்கிறது' என்று இருக்கட்டும். மலேரியாவுக்கு இரத்தப் பூச்சு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், பிஎஃப்எம்பி என்றால் அவர்களுக்குப் புரியும். முதல் பூச்சில் கிருமி தெரியாவிட்டாலும் காய்ச்சல் நிற்கவில்லையென்றால் மறுநாளும் எடுக்கச் சொல்லுங்கள். அடிக்கடி வாந்தி, மூச்சிரைப்பு, கண் மஞ்சள், சிறுநீர் குறைவு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக்கில் வரிசையில் காத்திருக்காமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.