"64 ஜிபி தாராளம்" என்று கடைக்காரர் சொன்னார்

கேள்வி: பழைய விண்டோஸை அடியோடு அழித்துவிட்டு விண்டோஸ் 11ஐப் புதிதாக ஏற்றப் போகிறேன். எவ்வளவு இடம் வேண்டும்? ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். (ஈரோடு)

பதில்: மைக்ரோசாஃப்ட் கேட்பது குறைந்தது 64 ஜிபி. ஆனால் ஏற்றி முடித்து சி டிரைவைத் திறந்து பார்த்தால் 25, 30 ஜிபிதான் நிறைந்திருக்கும். ஒருவர் முதல் எண்ணைச் சொல்கிறார், இன்னொருவர் இரண்டாவதைச் சொல்கிறார். இரண்டுமே சரிதான்.

மிச்ச இடம் பின்னால் வரும் செலவுக்கு. அப்டேட்டுக்கென்று விண்டோஸ் சுமார் 7 ஜிபியை ஒதுக்கி வைத்துக்கொள்ளும். ஹைபர்னேட் கோப்பு, அதாவது திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டுக் கணினியை அணைக்க உதவும் கோப்பு, ரேமில் ஏறத்தாழ 40 சதவீதம். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் அது மட்டுமே 6 ஜிபியைத் தாண்டும். ரேம் நிறையும்போது துணைக்கு வரும் பேஜ் ஃபைல் தனி. பெரிய அப்டேட் வந்தால் பழைய விண்டோஸ் முழுவதும் பத்து நாள் வேறொரு ஃபோல்டரில் கிடந்துவிட்டுத்தான் போகும். இத்தனையும் நீங்கள் ஒரு போட்டோகூடச் சேர்க்காமலே. 128 ஜிபியில் இழுத்துப் பிடித்து ஓட்டலாம். புதிதாக வாங்குவதென்றால் 256க்குக் கீழே போகாதீர்கள்.

கேள்வி: 512 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினேன். கணினி 476 என்று காட்டுகிறது. 36 ஜிபியைக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (நாகர்கோவில்)

பதில்: இல்லை. கம்பெனி ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணுகிறது. 1 டிபி டிரைவ் 931 என்று காட்டுவதும் இதனால்தான்.

கேள்வி: மகள் கல்லூரியில் சேர்ந்தபோது 4 ஜிபி ரேம், 64 ஜிபி உள்ள புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். "விண்டோஸ் 11க்கு அவ்வளவுதான் தேவை, தாராளமாகப் போதும்" என்றார் கடைக்காரர். எட்டு மாதத்தில் இடமில்லை என்று அப்டேட் நின்றுவிட்டது. பாடக் கோப்புகளை அழித்து அழித்து ஓட்டுகிறாள். வேறு டிஸ்க் மாட்ட முடியாது என்கிறார்கள். நாங்கள் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். (விருதுநகர், தாய்)

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள். சொன்னவர் சரியாகச் சொல்லவில்லை.

இதே வேதனையை நானும் பட்டவன். 2017இல் அக்கா மகனுக்கு 32 ஜிபி லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். விலை குறைவு, எடை குறைவு, பெட்டியில் "விண்டோஸ் 10" என்ற ஒட்டுத்தாள். முதல் பெரிய அப்டேட்டிலேயே நின்றது. டிஸ்க்கை மாற்றிவிடலாம் என்று ஸ்க்ரூவைக் கழற்றிப் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே டிஸ்க்கே இல்லை. போர்டின் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவு கறுப்பு சிப் ஒன்று. போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. அதுதான் மொத்தச் சேமிப்பும். மூடியைத் திரும்பப் போட்டபோது அந்தப் பையன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பெயர் இஎம்எம்சி. விலை குறைந்த லேப்டாப்களில் 32, 64, 128 என்று வரும். கழற்ற முடியாது, கூட்ட முடியாது. 64 என்று எழுதியிருப்பது விண்டோஸில் 58 அளவில்தான் தெரியும். முதல் பதிலில் சொன்ன கணக்கைக் கழித்தால் மாணவிக்கு மிஞ்சுவது பாதிகூட இல்லை. இது இன்று முளைத்த சங்கதியும் அல்ல. 2013இல் வந்த 64 ஜிபி சர்ஃபேஸ் புரோ டேப்லெட்டில் பயனருக்கு 23 ஜிபிதான் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்டே அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 32 ஜிபி சர்ஃபேஸ் ஆர்டியில் பாதி இடம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது என்று அமெரிக்காவில் ஒருவர் வழக்கே போட்டார். இத்தனை ஆண்டு கழித்தும் பெட்டியில் பெரிய எழுத்தில் மொத்த அளவுதான் இருக்கிறது. வாங்குபவருக்கு மிஞ்சும் அளவை எழுத வேண்டும் என்று நான் எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன். "குறைந்தபட்சத் தேவை" என்றால் ஏற்றும்போது உள்ளே விடுவார்கள் என்று பொருள். நான்கு வருடப் படிப்புக்குப் போதும் என்று பொருளே இல்லை. அந்த வித்தியாசம் விற்பவருக்குத் தெரியும், வாங்கும் தாய்க்குத் தெரியாது. அங்கேதான் பணம் பறிபோகிறது.

இப்போது செய்ய வேண்டியது: பாடக் கோப்புகளை வெளியே ஒரு டிரைவுக்கு மாற்றுங்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய்த் தற்காலிகக் கோப்புகளையும் முந்தைய விண்டோஸையும் நீக்கச் சொல்லுங்கள். ஹைபர்னேட்டை நிறுத்தினால் ஒன்றரை ஜிபி கிடைக்கும். அப்டேட்டின்போது இடமில்லை என்று சொல்லி வெளி டிரைவ் கேட்டால், காலியான 16 ஜிபி பென்டிரைவைச் செருகலாம். இதற்கும் மசியவில்லை என்றால் சுத்தமாக அழித்து ஏற்றுவதுதான் வழி. சேர்ந்துகிடக்கும் குப்பை போகும்.

கடைக்காரர் "போதும்" என்றதை வாட்ஸப்பிலோ விளம்பரத்திலோ சொல்லியிருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். போங்கள்.

கேள்வி: ஐ5, 7ஆம் தலைமுறை பழைய லேப்டாப்பை 16,000 ரூபாய்க்கு வாங்கினேன். விண்டோஸ் 11 ஏறவில்லை. 256 ஜிபி இருக்கிறதே, இடம் போதாதா? கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். (சேலம்)

பதில்: தடை இடம் அல்ல, பிராசசர். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11க்கு அனுமதி. இது 2021இலேயே எல்லோருக்கும் அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11 போகும் என்று கடைக்காரர் சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. நீங்கள் கேட்டதாகவும் இல்லை. 16,000 ரூபாயை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே? கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்க அரை நிமிடம் ஆகாது. பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களிடம் காரணம் இல்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். அது குறைந்தது 20 ஜிபி கேட்கிறது. 100 ஒதுக்கினால் வசதி. கணினி வீணாகாது.

கேள்வி: கடையில் சி டிரைவுக்கு 80, டி டிரைவுக்கு மீதி என்று பிரித்துக் கொடுத்தார்கள். சி சிவப்பாகிவிட்டது, டி காலியாகக் கிடக்கிறது. (தஞ்சாவூர்)

பதில்: டியில் உள்ளதை வெளி டிரைவுக்கு நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டியை நீக்கி சியை நீட்டலாம். நீட்டும் வசதி மங்கலாகத் தெரிந்தால், பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸைப் பழுதுபார்க்க ஒதுக்கிய பகுதி) குறுக்கே இருக்கிறது என்று பொருள். அப்போது விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடுவதே நல்லது. ஏற்றும்போது வரும் திரையில் பார்ட்டிஷனை நீக்கினால் அதிலுள்ள எல்லாம் போய்விடும், ஜாக்கிரதை. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் ரெக்கவரி கீயை முதலில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பிரிக்கவே வேண்டாம் என்று கடையில் சொல்லுங்கள்.

கேள்வி: விண்டோஸோடு வந்த லேப்டாப். புதிதாக ஏற்ற, "ஒரிஜினல் கீ" என்று தனியாக 1,500 கேட்கிறார்கள். (மதுரை)

பதில்: கொடுக்காதீர்கள். லைசென்ஸ் உங்கள் போர்டோடு பதிவாகியிருக்கிறது. அதே எடிஷனை (ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ) ஏற்றி இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும்.

கேள்வி: ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் 699 ரூபாய்க்கு வாங்கினேன். கணினியை ஃபார்மட் செய்யுமுன் பேரனின் வீடியோக்களை அதில் போட்டேன். இப்போது பாதி திறக்கவில்லை. (கடலூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, மனம் கனக்கிறது. உள்ளே சிறிய சிப்பை வைத்து, 2 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றி விற்கிறார்கள். உண்மையான அளவு தீர்ந்ததும் பின்னால் வருவது முன்னால் இருந்ததன் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் பதியாமலே போகும். பொருட்காட்சி ஒன்றில் நானும் இப்படி வாங்கி, ஒரு கல்யாணத்தின் படங்களை இழந்தேன். ஃபார்மட் இன்னும் செய்யவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். வீடியோக்கள் பழைய டிஸ்க்கிலேயே இருக்கக்கூடும். விற்றவர் பெயர், பில், பொருளின் பக்கப் படம் மூன்றையும் வைத்து இன்றே தளத்தில் பணம் கேளுங்கள், மறுத்தால் 1915. இனி எந்தப் பென்டிரைவ் வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க நிரப்பிப் படித்துப் பார்த்த பிறகே நம்புங்கள்.

கேள்வி: விண்டோஸ் ஏற்ற எத்தனை ஜிபி பென்டிரைவ் வேண்டும்? (காரைக்குடி)

பதில்: 8 போதும். அதில் உள்ளதெல்லாம் அழியும். முதலில் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.