கார் என்ஜின் வைத்துப் பறந்தால் காப்பீடு தருவார்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விமானம் ஏற வேண்டுமென்றால் மலையில் இருக்கும் நாம் கோவை பீளமேடு வரை இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனாலும் வீட்டிலேயே கட்டும் விமானங்களைப் பற்றி மலையிலிருந்து கேள்விகள் வருகின்றன. பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்காகவும் மச்சான்களுக்காகவும் கேட்கப்பட்டவை. காப்பீட்டு சர்வேயராக வேலை பார்த்த நாளிலிருந்தே எனக்கு இதில் ஆர்வம் உண்டு. அதனால் சிலவற்றுக்கு நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

என் மச்சினர் டெக்ஸாஸில் தன் வீட்டுக் கராஜில் இரண்டு பேர் அமரும் விமானம் கட்டுகிறார். சுபாரு கார் என்ஜின் போடப் போகிறார். என்ஜின் பெயரைச் சொன்னதுமே காப்பீட்டுக்காரர்கள் பின்வாங்குகிறார்களாம். லட்சம் கிலோமீட்டர் ஓடுகிற என்ஜினைக் கண்டு ஏன் பயம்? (குன்னூர்)

லட்சம் கிலோமீட்டர் ஓடும், சரி. ஆனால் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். கல்லாறிலிருந்து பர்லியார் ஏறும்போதுகூட ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம். என்ஜின் மூச்சு வாங்கிக்கொள்கிறது. விமானத்தில் அதற்கு இடமில்லை. தரையை விட்டுக் கிளம்ப முழு சக்தி வேண்டும், அப்புறம் மணிக்கணக்கில் முக்கால் பங்கு சக்தியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சூட்டை ரேடியேட்டர் தாங்க வேண்டும்.

அடுத்தது கியர். சிறிய விமானத்தின் ப்ரொபெல்லர் நிமிடத்துக்கு 2,700 சுற்று அளவில்தான் நன்றாக வேலை செய்யும். கார் என்ஜினோ 5,000 சுற்றை நெருங்கினால்தான் தன் முழு பலத்தைக் காட்டும். ஆகவே நடுவில் வேகத்தைக் குறைக்கும் கியர்பாக்ஸோ பெல்ட்டோ தேவை. பிஸ்டன் விட்டு விட்டுத் தள்ளுகிறது, கனமான ப்ரொபெல்லர் ஒரே சீராகச் சுற்றப் பார்க்கிறது. இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட தண்டு முறுக்கப்பட்டு முறுக்கப்பட்டுக் களைத்து ஒடியும். கார் என்ஜின் விமானங்களில் சிலிண்டரும் பிஸ்டனும் பெரும்பாலும் தாங்கிவிடுகின்றன. காலை வாருவது அதைச் சுற்றி நாமே சேர்த்தவைதான்: கியர்பாக்ஸ், தண்ணீர்க் குழாய், பெட்ரோல் லைன், இக்னிஷன் ஒயர்.

அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2012-ல் வீட்டு விமானங்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டது. விபத்துகளில் முன்னால் நின்றவை இரண்டு: என்ஜின் பழுது, விமானம் கட்டுப்பாட்டை இழப்பது. அதைப் படித்த காப்பீட்டு நிறுவனத்தின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். லைகமிங் ஓ-360 என்ற விமான என்ஜின் என்றால் அவர்களிடம் பல பத்தாண்டுக் கணக்கு இருக்கிறது. உங்கள் மச்சினரின் என்ஜினும் கியரும் ரேடியேட்டரும் சேர்ந்த அந்தக் கூட்டு உலகத்திலேயே ஒன்றுதான். கணக்கு இல்லாத இடத்தில் பிரீமியம் போட அவர்களுக்கு வழி தெரியாது. கார் என்ஜின் என்பதே குற்றமில்லை. 1929-லேயே மினசோட்டாவில் பீட்டன்போல் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ கார் என்ஜினை வைத்து விமானம் பறக்கவிட்டார். சிறு விமானங்களுக்கான ரோட்டாக்ஸ் 912 என்ஜினுக்கும் கியர்பாக்ஸ் உண்டு. ஆனால் அது என்ஜினோடு சேர்த்தே வடிவமைக்கப்பட்டது, ஆயிரக்கணக்கில் பறக்கிறது. அதனால் அதைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

மச்சினரிடம் சொல்லுங்கள்: என்ஜினை வாங்குவதற்கு முன்பே, வீட்டு விமானங்களைக் கையாளும் ஒரு புரோக்கரிடம் எழுத்தில் கேட்கட்டும். கியர்பாக்ஸ் யாருடையது, அதே கூட்டில் எத்தனை விமானங்கள் பறக்கின்றன, இதே மாதிரி விமானத்தில் தனக்கு எத்தனை மணி நேர அனுபவம் என்ற மூன்றுக்கும் பதில் கையில் இருக்கட்டும். சான்றிதழ் பெற்ற என்ஜினும் ப்ரொபெல்லரும் சேர்ந்த விமானத்துக்கு அங்கே சோதனைப் பறப்பு வழக்கமாக 25 மணி நேரம். மற்றவற்றுக்கு 40. முதலில் மூன்றாம் நபர் பொறுப்பும், விமானம் தரையில் இருக்கும்போதைய சேதமும் மட்டும் எடுக்கலாம். 40 மணி நேரத்தை ஒழுங்காக லாக் புக்கில் எழுதி முடித்த பிறகு, பறக்கும்போதைய ஹல் காப்பீட்டை, அதாவது விமானத்துக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டைக் கேட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். எண்ணெய் வெப்பம், தண்ணீர் வெப்பம், கழற்றி மாற்றிய ஒவ்வொரு பாகம், எல்லாம் அதில் இருக்க வேண்டும். காப்பீடு தரலாமா என்று முடிவு செய்யும் எந்த அண்டர்ரைட்டரும் தேதி போடாத குறிப்பை மதிக்க மாட்டார்.

பறக்கும்போது என்ஜின் சீஸ் ஆகி இறுகி நின்றுவிட்டால் பாலிசி பணம் தருமா? (அருவங்காடு)

என்ஜினுக்குத் தராது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் ஹல் பாலிசியில் விலக்கப்பட்டவை. ஆனால் என்ஜின் நின்று விமானம் வயலில் இறங்கி இறக்கை உடைந்தால், அந்தச் சேதத்துக்குப் பொதுவாகத் தருவார்கள். ஓட்டியவரின் உரிமமும் பாலிசி கேட்ட அனுபவ மணி நேரமும் சரியாக இருக்க வேண்டும்.

என் மகன் இங்கிலாந்தில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு வீட்டு விமானத்தில் பங்கு வாங்கியிருக்கிறான். காப்பீடு கட்டாயம் என்கிறான். எவ்வளவுக்கு எடுக்க வேண்டும்? அவனுக்கு நான் இங்கே எடுத்துவைத்த ஆயுள் பாலிசி இதற்கெல்லாம் செல்லுமா? (கோத்தகிரி)

அம்மா, மகன் சொல்வது சரி. அமெரிக்காவில் தனியார் விமானத்துக்கு நாடு முழுவதற்குமான கட்டாயம் இல்லை. இங்கிலாந்தில் உண்டு. மூன்றாம் நபர் பொறுப்புக்கான குறைந்தபட்சத் தொகை விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடையைப் பொறுத்தது. 500 கிலோவுக்குக் கீழே என்றால் 7.5 லட்சம் எஸ்.டி.ஆர். 500-லிருந்து 1,000 கிலோவுக்குள் என்றால் 15 லட்சம் எஸ்.டி.ஆர். இது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு, ஒன்றின் மதிப்பு ஒரு டாலருக்கு மேலே. கூட அமரும் பயணிக்குத் தனிப் பொறுப்பு வேண்டும். கூட்டுப் பங்கில் ஒரு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள்: ஓட்டுகிறவர்களில் அவன் பெயர் பாலிசியில் இருக்கிறதா? பங்குக்குப் பணம் கட்டியது மட்டும் போதாது.

உங்கள் ஆயுள் பாலிசியைப் பொறுத்தவரை, மனதைக் கலங்கவிடாமல் படியுங்கள். அடிப்படைத் தொகை வேறு, அதோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் விபத்து ரைடர் வேறு. விபத்து ரைடர்களிலும் தனிநபர் விபத்து பாலிசிகளிலும், உரிமம் பெற்ற விமானத்தில் பயணச்சீட்டு வாங்கிய பயணியாகப் போவதைத் தவிர மற்ற பறப்புகளை விலக்கும் வாசகம் வழக்கமாக இருக்கும். சொந்த விமானத்தை ஓட்டுவது அதில் விழும். அடிப்படைத் தொகைக்கு, பாலிசி எடுத்தபோதே அவன் பறந்துகொண்டிருந்தானா, படிவத்தில் அந்தக் கேள்விக்கு என்ன எழுதினீர்கள் என்பதுதான் முக்கியம். காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி மூன்று ஆண்டு கழிந்த பாலிசியை அவர்கள் கேள்வி கேட்க முடியாது. அந்த விதியை நம்பி எதையும் மறைக்க வேண்டாம். பறப்பதைச் சேர்த்து மகன் அங்கேயே ஒரு விபத்துப் பாலிசி எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

லவ்டேலில் என் வீட்டிலேயே ஒற்றை இருக்கை விமானம் கட்டி, ஃபோக்ஸ்வாகன் என்ஜின் போட ஆசை. அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கேயே பாலிசி எடுத்துக்கொள்ளலாமா?

முடியாது தம்பி. இந்தியாவில் உள்ள சொத்தையோ இந்தியாவில் பதிவான விமானத்தையோ வெளிநாட்டு நிறுவனத்திடம் காப்பீடு செய்ய, நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதற்கும் முன்னால் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் பதிவும் பறக்க அனுமதியும் வாங்க வேண்டும். அவை இல்லாமல் பறந்தால் எந்தப் பாலிசியும் காகிதம்தான். அமோல் யாதவ் மும்பையில் தன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். அவர் விமானியும்கூட. 2016-ல் காட்சிக்கு வைத்தார், 2017-ல்தான் பதிவு கிடைத்தது. அந்தப் பொறுமைக்கு உங்கள் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

ஊட்டிப் பக்கம் 2,200 மீட்டர் உயரம். டர்போ இல்லாத எந்த என்ஜினும் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் போல சக்தி இழக்கும். நம் மலையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இறக்கையும் ப்ரொபெல்லரும் அதே மெல்லிய காற்றில்தான் வேலை செய்ய வேண்டும். இறங்க ஓடுபாதை கிடையாது, மூடுபனி எப்போது வரும் என்று நமக்கே தெரியாது. இந்த மலையில் பறக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இங்கே கட்டலாம், பறப்பது சமவெளியில்.

இன்னொன்று, பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ரோட்டாக்ஸ் 912-க்கே அதன் தயாரிப்பாளர் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறார். எத்தனால் தண்ணீரை இழுக்கும், சில ஃபைபர் டேங்க்குகளின் பிசினையும் ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். எரிபொருள் பற்றிய கேள்வி காப்பீட்டுப் படிவத்தில் இல்லாவிட்டாலும், விபத்துக்குப் பிறகு சர்வேயர் முதலில் மோந்து பார்ப்பது டேங்கைத்தான். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

கொடைக்கானலில் எங்கள் ஷெட்டில் பாதி முடிந்த விமானம் நிற்கிறது. வீட்டுக் காப்பீட்டில் அதுவும் சேருமா?

தானாகச் சேரும் என்று நினைக்காதீர்கள். வீட்டுப் பாலிசி வீட்டுப் பொருளுக்கானது. ஷெட்டையும் அதிலுள்ள பாகங்களையும் தனியாக எழுதி, நிறுவனம் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். தீ, புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் தீக் காப்பீட்டில் வருபவை. நம் மலைகளில் நிலச்சரிவுதான் நிஜமான ஆபத்து. ஈரத்தில் அலுமினியம் அரித்தாலோ மரப் பசை விட்டுப்போனாலோ எந்தப் பாலிசியும் தராது. கட்டக் கட்ட மதிப்பு ஏறும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொகையை உயர்த்துங்கள். பில்களை ஷெட்டிலேயே வைக்காதீர்கள், விமானத்தோடு அவையும் போய்விடும்.

பாலிசி ஓடும்போது வேறு என்ஜின் மாற்றினால் சொல்ல வேண்டுமா? (மஞ்சூர், அமெரிக்காவிலுள்ள தம்பிக்காக)

கட்டாயம். மாற்றும் முன்பே. அங்கே என்ஜின் மாற்றம் பெரிய மாற்றமாகக் கணக்கு. விமானம் மறுபடி சோதனைப் பறப்புக்குப் போக வேண்டும், குறைந்தது 5 மணி நேரம். அந்த நேரத்துக்குக் காப்பீடு செல்லுமா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

உங்கள் ஊர்ப் பக்கமே ஒரு ஜீப்பைப் பார்க்கப் போனேன், பல வருடம் முன்பு. பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் போட்டிருந்தார்கள். ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றவில்லை, காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லவில்லை. ஜீப் பள்ளத்தில் உருண்டது. உருண்டதற்கும் என்ஜினுக்கும் சம்பந்தமே இல்லை என்று அறிக்கையில் எழுதினேன். நிறுவனம் அதைப் பொருட்படுத்தாமல் கிளெய்மைத் தள்ளுபடி செய்தது. அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே வருமானம் அந்த ஜீப். இன்றும் அதை நினைத்தால் வலிக்கிறது. தம்பியை இன்றே அவருடைய புரோக்கருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். பழைய என்ஜின் எண், புதிய என்ஜின் எண், மாற்றும் தேதி, மூன்றும் அதில் இருக்கட்டும். பதில் வரும்வரை ஸ்பானரைத் தொட வேண்டாம்.