ஹல்ப் அஹ்ட் என்றால் எத்தனை மணி?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 62. தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள், முதல் பிரசவம். நானும் மனைவியும் இரண்டு மாதம் போய் இருக்கப்போகிறோம். இங்கிலீஷே போதும் என்கிறார் மருமகன். எனக்கு மனம் கேட்கவில்லை. தேவையான 50 ஜெர்மன் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தால் மனப்பாடம் செய்துகொள்வேன். இந்த வயதில் நாக்கு வளையுமா? எந்தச் செயலி நல்லது? மனைவிக்கு இதெல்லாம் வராது, அவள் என்னோடு வந்தால் போதும்.

— ஒரு வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள ஐயா,

பேரப்பிள்ளை வரப்போகிற வீட்டுக்குப் போகிறீர்கள். தாயும் பிள்ளையும் நலமாக இருக்கட்டும்.

செயலி எதுவானாலும் சரி, குரல் கேட்டால் போதும். டாய்ச்ச வெல்ல ஒலிபரப்பின் இணையப் பாடங்கள் இலவசம். நாக்கைப் பற்றிய கவலையை விடுங்கள். தமிழும் மலாயும் பழகிய நாக்கு அது. 'அஹ்ட்' என்றால் எட்டு. அதன் நடுவில் தொண்டையில் உரசி வரும் ஒலி, மலாயில் முடிவு என்று பொருள்படும் 'அகிர்' என்ற சொல்லில் அப்படியே இருக்கிறது. இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர்தான் அதற்குத் திண்டாடுவார்.

ஆனால் 'மனைவிக்கு வராது' என்று எழுதியிருக்கிறீர்களே, அது தவறு ஐயா. பிள்ளை பிறந்த வீட்டில் காலையில் ரொட்டிக்கு ஓடப்போவது யார்? மருத்துவச்சி வரும்போது மகள் பக்கத்தில் நிற்கப்போவது யார்? பசாரில் மீன்காரரிடம் மலாயில் பேரம் பேசி, சீனக் கடையில் கணக்குத் தீர்த்துவிட்டு வருகிறவருக்கு இன்னொரு பாஷை வராது என்று நீங்களே முடிவு கட்டலாமா? இந்தப் பதிலை அவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

இனி அந்த 50 வாக்கியங்கள். வாக்கியத்தை மனப்பாடம் செய்தவர் கேள்வியை அழகாகக் கேட்டுவிடுவார். கேள்வி நன்றாக இருந்தால் எதிரில் இருப்பவரும் வேகமாகப் பதில் சொல்வார். மாட்டிக்கொள்வது அங்கேதான். ரொட்டிக் கடையையே எடுத்துக்கொள்வோம். 'ட்ஸ்வை ப்ரேட்ஸல்ன், பிட்ட' என்று இரண்டு ப்ரேட்ஸல் கேட்கிறீர்கள். கடைக்காரப் பெண் 'ஸொன்ஸ்ட் நொஹ் வாஸ்?' என்பாள். வேறு ஏதாவது வேண்டுமா என்கிறாள். 'டாஸ் இஸ்ட் அல்லஸ்', அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். அடுத்து விலை வரும். ரயில் எப்போது என்று கேட்டாலும், எந்தப் பிளாட்பாரம் என்று கேட்டாலும் பதில் எண்தான். எண் காதில் விழாவிட்டால் 50 வாக்கியமும் வீண்.

ஜெர்மன் எண் தலைகீழாக வரும். 85 என்பதை 'ஃப்யுன்ஃப்-உன்ட்-அஹ்ட்ஸிக்', அதாவது 'ஐந்தும் எண்பதும்' என்பார்கள். நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. திரயோதசி என்ற சொல்லில் மூன்று முன்னால், பத்து பின்னால். ஜெர்மனில் 13 அதே கட்டுமானம்தான்: 'ட்ரை-ட்ஸேன்', மூன்று-பத்து. 21 முதல் 99 வரை, முழுப் பத்துகள் நீங்கலாக, எல்லாமே ஒன்றாம் இடம் முன்னால், 'உன்ட்' நடுவில், பத்தாம் இடம் கடைசியில். தொலைபேசி எண்ணைச் சோடி சோடியாகச் சொன்னால் காதில் விழுந்த வரிசையிலேயே எழுதி 58ஐ 85 ஆக்கிவிடுவோம். கேட்ட முதல் இலக்கத்தை வலப்பக்கம் எழுதுங்கள். இடப்பக்கம் ஓர் இலக்கத்துக்கு இடம் விட்டு, அடுத்ததை அங்கே போடுங்கள். கை பழகினால் காதும் பழகும்.

முதல் வாரம் 0 முதல் 12 வரை மட்டும். அவை தனித்தனிச் சொற்கள். பிறகு 13 முதல் 19. பிறகு 20, 30 என்று பத்துகள். 13க்கு 'ட்ரைட்ஸேன்', 30க்கு 'ட்ரைஸிக்'. கடைசி அசையைக் கவனிக்காவிட்டால் இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். பாடங்களில் பத்துகள் 'ஸிஹ்' என்று முடியும், ஸ்டுட்கார்ட் பக்கம் 'ஸிக்' என்பார்கள். அதுவே உங்களுக்குச் சுலபம். எண்களைச் சேர்த்துச் சொல்லிப் பழக உங்கள் ஊர் நெடுஞ்சாலையை விட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போகிறது, எண் 4827. அடுத்த லோரி வருவதற்குள் 'அஹ்ட்-உன்ட்-ஃபியர்ட்ஸிக், ஸீபன்-உன்ட்-ட்ஸ்வான்ட்ஸிக்' என்று சொல்லிவிட வேண்டும். ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் 20 லோரி ஆகிவிடும். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுங்கள். இருவரும்.

மணிக்கு வருவோம். 'ஹல்ப் அஹ்ட்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'அரை எட்டு'. உடனே எட்டரை என்று நினைப்போம். இல்லை, அது ஏழரை. எட்டாவது மணி நேரத்தில் பாதி ஆகியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. ஸ்டுட்கார்ட் இருப்பது ஸ்வாபியப் பகுதியில். அங்கே இதே கணக்கில் 'ஃபியர்ட்டல் அஹ்ட்' என்றால் 7.15, 'ட்ரை-ஃபியர்ட்டல் அஹ்ட்' என்றால் 7.45. ரயில் அறிவிப்பில் 24 மணிக் கணக்கு, அதில் குழப்பம் இல்லை. ஆள் பேசும்போதுதான் வரும். ஜெர்மனியில் பிரசவத்துக்குப் பிறகு 'ஹேபம்ம' எனப்படும் மருத்துவச்சி வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார். 'மோர்கன் உம் ஹல்ப் அஹ்ட்' என்று சொல்லிவிட்டுப் போவார். நாளை ஏழரைக்கு வருகிறேன் என்று பொருள். எட்டரை என்று நினைத்துக்கொண்டால் அவர் மணி அடிக்கும்போது வீடே தூங்கிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் தாளையும் பேனாவையும் நீட்டி 'பிட்ட அவுஃப்ஷ்ரைபன்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 50இல் ஒன்றைத்தான் எடுத்துப்போக முடியும் என்றால் இதையே எடுத்துப்போங்கள்.

மற்றவை சுருக்கமாக. சாப்பிட ஏதாவது நீட்டும்போது வெறும் 'டங்க' என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். வேண்டுமானால் 'யா, பிட்ட'. மாட்டிறைச்சி 'ரின்ட்ஃப்ளைஷ்'. மாடிப்படியில் எதிர்ப்படும் பெரியவர்கள் 'க்ரூஸ் கொட்' என்றால் வணக்கம், நீங்களும் அதையே சொல்லுங்கள். மருமகன் சொன்னதும் பொய்யில்லை, விமான நிலையத்தில் இங்கிலீஷ் போதும்.

ஒரு மாதம் லோரி பாருங்கள். பிறகு ஒரு நாள் சமையலில் இருக்கும்போது உங்கள் மனைவியிடம் 'ஹல்ப் நொய்ன்' எத்தனை மணி என்று கேளுங்கள், நொய்ன் என்றால் ஒன்பது. எட்டரை என்று சட்டென வந்தால் எழுதுங்கள், மற்ற வாக்கியங்களை அனுப்புகிறேன், அவர் பெயருக்கு.