அந்த எலும்புச் சீவல்களுக்கு யார் பெயர்?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எலும்புத் திசு பற்றிய என் முதல் ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பப் போகிறேன். எல்லாம் எழுதியாயிற்று, கடைசியில் வரும் நன்றியுரை மட்டும் நகர மறுக்கிறது. துறைத் தலைவர் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்கிறார் நெறியாளர். என் கணவருக்கும் நன்றி சொல்ல ஆசை. வரைவைப் படித்துத் திருத்திய சீனியர், நிதி தந்த நிறுவனம், திசுக்களை வெட்டிக் கொடுத்த ஆய்வக உதவியாளர் (சீவல்கள் கிழிந்துகொண்டே இருந்தபோது, கால்சியம் நீக்கும் நாட்களைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து வழி கண்டவர் அவர்தான்) என எல்லோரையும் நாலு வரிக்குள் எப்படிக் கொண்டுவருவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட வரியிலேயே என் கண் நின்றுவிட்டது. அதை முதலில் பேசிவிடுவோம்.

கால்சியம் சரியாக நீங்காத எலும்பு மைக்ரோட்டோமின் (திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டும் கருவி) கத்தி பட்டதும் கிழியும். அமிலத்தில் அதிக நாள் ஊறிவிட்டாலோ செல்களின் உட்கரு சாயம் ஏற்காது. இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் மாதிரிக்குப் பொருந்தும் கணக்கை அந்த உதவியாளர் கண்டுபிடித்திருக்கிறார். சொன்னதைச் சொன்னபடி வெட்டிக் கொடுத்திருந்தால் நன்றியுரை போதும். முறையையே வகுத்தவருக்கு அது போதுமா?

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, கட்டுரையாசிரியர் ஆவதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவைத் திரட்டுவதிலோ அலசுவதிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதிலோ ஆழ்ந்து திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பணிக்கும் பொறுப்பேற்பது. நான்கும் சேர வேண்டும். சேராதவர்கள் நன்றியுரைக்கு. ஆனால் இதே குழு இன்னொன்றும் சொல்கிறது: முதல் நிபந்தனையை நிறைவு செய்தவருக்கு மற்ற மூன்றையும் நிறைவு செய்ய வாய்ப்பளிக்க வேண்டும். வரைவைக் காட்டாமலே ஒருவரை ‘எழுதுவதில் பங்கில்லை’ என்று ஒதுக்குவது நியாயமில்லை. நெறியாளரிடம் இதைப் பேசுங்கள். தயக்கமாக இருக்கும், தெரியும். பேசுங்கள்.

1955-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பெர்மி, பாஸ்தா, உலாம் என்ற மூன்று அறிவியலாளர்கள் எழுதியதாக ஓர் அறிக்கை வந்தது. மேனியாக் கணினிக்கான நிரலை எழுதிக் கணக்குகளை இயக்கியவர் மேரி சிங்கூ. பணி செய்தவர்கள் வரிசையில் அவர் பெயர் இருந்தது, எழுதியவர்கள் வரிசையில் இல்லை. அறிக்கைக்குள் அவருக்குக் கிடைத்தது ஒரு நன்றி வாக்கியம். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அறிக்கையின் கண்டுபிடிப்பு மூவர் பெயராலேயே வழங்கியது. இப்போதுதான் பலர் சிங்கூவின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

பேசிப் பார்த்தபின் அவர் இடம் நன்றியுரைதான் என்று முடிவானால், என்ன செய்தார் என்பதை எழுதுங்கள். ‘ஆய்வுக்குப் பல வகையிலும் உதவிய’ என்பது யாருக்கும் பொருந்தும் வரி. ‘எலும்பு மாதிரிகளில் கால்சியம் நீக்கும் கால அளவைச் சோதித்து நிர்ணயித்ததற்கும், சீவல்களைத் தயாரித்ததற்கும்’ என்பது அவர் ஒருவருக்கே பொருந்தும். டி.என்.ஏ.வின் அமைப்பைச் சொன்ன 1953-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வாட்சனும் கிரிக்கும் ஜெரி டோனஹூவுக்கு நன்றி சொன்னபோது, அவருடைய ஆலோசனையும் விமர்சனமும் குறிப்பாக அணுக்களுக்கு இடையிலான தூரங்கள் பற்றியவை என்று சேர்த்தே எழுதினார்கள். ஒரு பக்கம் சொச்சம் நீளும் கட்டுரை அது. அதிலும் இதற்கு இடமிருந்தது.

சீனியருக்கும் இதே அளவுகோல்தான். மொழியைத் திருத்தினாரா, வாதத்தில் ஓட்டை கண்டாரா? எதுவோ அதைச் சொல்லுங்கள். ஆனால் அவரிடம் கேட்காமல் போடாதீர்கள். நான் ஒருமுறை இதில் தவறியிருக்கிறேன். புள்ளியியல் ஆலோசனை தந்த ஒருவருக்குக் கட்டுரையில் நன்றி சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொன்ன சோதனையைத்தான் நாங்கள் கடைசியில் பயன்படுத்தியிருந்தோம். அச்சில் பார்த்துவிட்டு அழைத்தவர், “என் பெயரைப் பார்க்கிறவர்கள் இதை நான் ஒப்புக்கொண்டதாகத்தானே நினைப்பார்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. எழுத்தில் சம்மதம் வாங்கும்படி பல இதழ்கள் சொல்வது இதற்காகத்தான். ஒரு மின்னஞ்சல் போதும், அதில் நீங்கள் எழுதிய வரியையும் அப்படியே சேர்த்து அனுப்புங்கள்.

துறைத் தலைவர் ஆய்வக வசதி தந்திருந்தால் அதற்கு நன்றி சொல்லுங்கள், ஒரே வரியில். முதலில் வைப்பதா கடைசியிலா என்பதில் நெறியாளரோடு மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் வாதத்தை உதவியாளருக்காக மிச்சம் வையுங்கள்.

நிதி நிறுவனத்தின் பெயரையும் நல்கை எண்ணையும் அனுமதிக் கடிதத்தில் உள்ளபடியே எழுதுங்கள். எந்த வாசகத்தில் குறிப்பிட வேண்டும் என்பதையே பல நிறுவனங்கள் அதில் கொடுத்திருக்கும். ஓர் எண் பிசகினாலும் அந்தக் கட்டுரை அவர்கள் கணக்கில் சேராமல் போகலாம். இதழ் நிதிக்கெனத் தனிப்பகுதி வைத்திருந்தால் அங்கே போடுங்கள். வரைவைச் செப்பனிட செயற்கை நுண்ணறிவுக் கருவி எதையாவது பயன்படுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கணவருக்கான நன்றியை ஆய்வேட்டுக்கு எடுத்து வையுங்கள். அங்கே அரைப்பக்கம்கூட எழுதலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். இதழ்க் கட்டுரையில் பொதுவாக ஆய்வுக்கு நேரடியாகக் கைகொடுத்தவர்கள் மட்டுமே வருவார்கள்.

இன்னொன்று. ஆசிரியர் பெயரை மறைத்து மதிப்பிடும் இதழ் என்றால், முதலில் அனுப்பும் பிரதியில் நன்றியுரையே இருக்கக் கூடாது. துறைத் தலைவர் பெயரும் நல்கை எண்ணும் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏற்கப்பட்டபின் சேர்த்துக்கொள்ளலாம்.

கட்டுரை இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. நெறியாளர் சரியென்றால் வரைவை அச்செடுத்து உதவியாளரிடம் கொடுங்கள். செய்முறைப் பகுதியில் கால்சியம் நீக்கிய பத்தியை முதலில் காட்டி, நாட்கணக்கு சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.