ஃபோக், கன்ட்ரி பாடகர்களில் யாருடைய மேடைக் கச்சேரியும் கிட்டார் ட்யூனிங்கும் (தந்திகளைச் சுருதி கூட்டி வைக்கும் முறையும்) உங்களை அதிகம் கவர்ந்தன?

எனக்கு ஜோனி மிட்செல்தான். அவரை ஜாஸ் பக்கம் கொண்டுபோய் வைப்பவர்களும் உண்டு. ஆனால் கனடாவின் புல்வெளிச் சமவெளியில் வளர்ந்து, காபிக் கடை மேடைகளில் ஒற்றைக் கிட்டாரோடு நின்று பாட ஆரம்பித்தவர். அதனால் இந்தக் கேள்விக்கு அவரைச் சொல்லலாம் என்றே நினைக்கிறேன். நேரில் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை. பதிவுகளில்தான் பார்த்தும் கேட்டும் இருக்கிறேன், கிட்டத்தட்ட பதினைந்து வருஷமாக.

ஏன் அவர் என்பதற்கு என் விரலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எட்டாம் வகுப்பு படிக்கும்போது சைக்கிள் செயினில் மாட்டி இடது கைச் சுண்டுவிரல் நசுங்கியது. இன்றைக்கும் அது சரியாக மடங்காது. பாளையங்கோட்டையில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் கற்றுக்கொண்டபோது எல்லாம் ஓரளவு வந்தது, எஃப் கார்டு மட்டும் வரவில்லை. கார்டு என்பது சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கவிடுவது. ஆள்காட்டி விரலை ஆறு தந்திகளுக்கும் குறுக்கே கிடத்தி, மற்ற மூன்று விரல்களையும் தனித்தனியாக ஊன்ற வேண்டும். அதில் ஒன்று சுண்டுவிரல். சொல்லிக்கொடுத்த அண்ணன் தங்கமானவர். "எஃப் வார எடத்துல கைய எடுத்துருல, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டார். பல வருஷம் அப்படித்தான் வாசித்தேன், எஃப் வரும் இடத்திலெல்லாம் கையை எடுத்துவிட்டு.

ஜோனிக்கு 9 வயதில் போலியோ வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் பாட்டுகளை உரக்கப் பாடியதாக அவரே சொல்லியிருக்கிறார். பிழைத்து எழுந்து வந்தார், ஆனால் இடது கையில் பலம் குறைந்துவிட்டது. பின்னால் ஃபோக் பாடகர் பீட் சீகரின் கிட்டார் பாட இசைத்தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு கிட்டார் கற்கப் பார்த்தபோது, எல்லோரும் பிடிக்கிற கார்டுகளை அந்தக் கையால் வேகமாக மாற்றிப் பிடிக்க முடியவில்லை. 1960-களின் நடுவில் டெட்ராய்ட்டில் இருந்தபோது, சக பாடகர் எரிக் ஆண்டர்சன் ஓப்பன் ட்யூனிங் என்ற வழியைக் காட்டிக்கொடுத்தார். விரல்களைக் கார்டுக்கு ஏற்ப வளைப்பதற்குப் பதிலாக, தந்திகளையே கார்டுக்கு ஏற்ப முறுக்கி வைத்துவிடுவது. இந்த வழியைப் பழைய ப்ளூஸ்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் இரண்டு மூன்று ட்யூனிங்கோடு நின்றார்கள். ஜோனி 50-க்கும் மேல் போனார்.

கிட்டார் வாசிக்காதவர்களுக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். சாதாரணமாகக் கிட்டாரின் ஆறு தந்திகளையும் அழுத்தாமல் மீட்டினால் எந்தக் கார்டும் வராது. ஓப்பன் டி என்ற ட்யூனிங்கில் தடித்த தந்தியிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று வைப்பார்கள். இதை முதன்முதலில் வீட்டில் வைத்து மீட்டியபோது எங்கள் பெரியம்மா உள்ளே இருந்து வந்துவிட்டார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள், வீணையும் வாசிப்பார்கள். "ஏல, இன்னொரு தடவ மீட்டு" என்றார்கள். மீட்டினேன். "ச, ப, ச, க, ப, ச. ரெண்டு கட்ட. வீணையில நாங்க ச-வும் ப-வும் மட்டுந்தான் கட்டுவோம். இதுல க-வையும் சேத்துக் கட்டிருக்குல்லா" என்றார்கள்.

அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கேயும் படித்ததில்லை. சுருதியிலேயே அந்தர காந்தாரமும் உட்கார்ந்திருப்பதால், கையே வைக்காமல் ஒரு மேஜர் கார்டு கிடைத்துவிடுகிறது. ஐந்தாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் வீணை மெட்டுப் போல இருக்கும் குறுக்குக் கம்பி) ஒற்றை விரலைக் குறுக்கே வைத்தால் மத்யமத்தைச் ச-வாகக் கொண்ட கார்டு. ஏழாம் ஃப்ரெட்டில் வைத்தால் பஞ்சமத்துக் கார்டு. சுண்டுவிரலுக்கு வேலையே இல்லை. மேகங்களைப் பற்றியும் காதலைப் பற்றியும் இரண்டு பக்கமிருந்தும் பார்த்து அவர் எழுதிய அந்தப் புகழ்பெற்ற பாட்டு இந்த வகை ட்யூனிங்கில் பிறந்ததுதான். அன்றைக்கு ராத்திரி அதன் முதல் அடிகளை நான் முழுசாக வாசித்தேன், எங்கேயும் கையை எடுக்காமல்.

ஜோனியின் ட்யூனிங்குகளைக் குறித்துவைக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் தடித்த தந்தியின் ஸ்வரம். பிறகு ஐந்து எண்கள். முந்தைய தந்தியை எத்தனையாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் அடுத்த தந்தியின் ஒலி வரும் என்பதை ஒவ்வொரு எண்ணும் சொல்லும். சாதாரண ட்யூனிங் என்றால் ஈ 5-5-5-4-5. ஓப்பன் டி என்றால் டி 7-5-4-3-5. இந்த முறையின் அழகு, தோற்றத்தில் வேறு வேறாக இருப்பவை ஒரே குடும்பம் என்று காட்டிக்கொடுத்துவிடும். வாகன நிறுத்துமிடம் போடுவதற்காகச் சொர்க்கத்தை அழித்ததைப் பாடும் 1970-ஆம் வருஷத்துப் பாட்டு ஈ 7-5-4-3-5. ஆறு வருஷம் கழித்து, அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்த அமீலியா இயர்ஹார்ட்டை நினைத்து எழுதிய 'அமீலியா' சி 7-5-4-3-5. இரண்டுக்கும் அதே ச-ப-ச-க-ப-ச. ஒன்று துள்ளுகிறது, மற்றது பாலைவன நெடுஞ்சாலையில் தனியாகக் கார் ஓட்டிப் போகிறது. சுருதி இறங்கியதும் தந்தி தளர்வதும் மட்டும் இதற்குக் காரணமல்ல, அந்த வலது கையும் ஒரு காரணம். மேல் தந்திகளை ஊதுவாத்தியங்களாகவும் கீழ்த் தந்திகளைச் செல்லோ, பேஸ் போன்ற கனத்த குரல் வாத்தியங்களாகவும் நினைத்து வாசிப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். இடது கைக்குக் குறைந்த வேலையெல்லாம் வலது கைக்குப் போயிருக்கிறது. அதைக் காப்பியடிக்க நான் இன்னும் படாதபாடு படுகிறேன்.

இந்தக் குடும்பத்தைத் தாண்டியும் அவர் போனார். 'கொயோட்டி' என்ற பாட்டின் ட்யூனிங் சி 7-7-3-7-4. அதாவது சி, ஜி, டி, எஃப், சி, ஈ. பெரியம்மா கணக்கில் ச, ப, ரி, ம, ச, க. மீட்டிப் பாருங்கள். பக்கத்து ஸ்வரங்களான க-வும் ம-வும் வேறு வேறு ஸ்தாயியில் ஒரே நேரத்தில் ஒலிக்கும். ரி இன்னொரு பக்கம் இழுக்கும். கார்டு எங்கேயும் உட்காராது, எதையோ கேட்டுவிட்டு நிற்பது போல இருக்கும். கேள்வி கேட்கும் கார்டுகள் என்றுதான் ஜோனியும் இவற்றைச் சொல்கிறார். கேட்பதற்குப் பதில் வராத விஷயங்களைப் பாடுகிறவருக்கு உட்கார்ந்துவிடும் கார்டுகள் போதவில்லை. பெரியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "சுருதி சேரல" என்று எழுந்து போய்விட்டார்கள். நான் அதற்குள்ளேயே ஒரு மாசம் கிடந்தேன்.

இனி மேடை.

ஐம்பது ட்யூனிங் வைத்துக்கொண்டு கச்சேரி செய்வது எத்தனை கஷ்டம் என்று வாசிப்பவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பாட்டு முடிந்ததும் முருடைகளைத் திருக வேண்டும். இப்போதுதான் முறுக்கிய தந்தி சும்மா இருக்காது, பாட்டின் நடுவிலேயே இறங்கும். கூட்டம் காத்திருக்கும், சத்தம் போடும். 1974-இல் வந்த 'மைல்ஸ் ஆஃப் ஐல்ஸ்' நேரடிப் பதிவில் இப்படி ஒரு இடைவெளியில் ஆளாளுக்கு ஒரு பாட்டின் பெயரைக் கத்துகிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஓவியருக்கும் பாடகருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறார். ஓவியர் வான் காஹிடம் போய், அந்த நட்சத்திர இரவை இன்னொரு முறை வரையுங்கள் என்று யாரும் கேட்டதில்லை. அவர் வரைந்தார், அத்தோடு முடிந்தது என்கிறார். பிறகு, கேட்டதை மறுக்காமல் எல்லோரையும் சேர்ந்து பாடச் சொல்லி, பழைய பாட்டு ஒன்றைத் தொடங்குகிறார். அந்தத் தட்டில் பாட்டுகளைவிட இந்த ஒரு நிமிஷத்தைத்தான் அதிக முறை கேட்டிருக்கிறேன்.

எப்போதும் அப்படிச் சிரிக்க முடிந்ததில்லை. 1970 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில் லட்சக்கணக்கான பேர் கூடியிருந்த மைதானம். டிக்கெட் கேட்கக் கூடாது என்று வேலியை உடைக்கும் ஒரு கூட்டம். மேடையேறி மைக்கைப் பிடுங்க வந்த ஒருவர். 26 வயதுப் பெண், கையில் ஒரு கிட்டார், பக்கத்தில் ஒரு பியானோ, துணைக்கு யாரும் இல்லை. குரல் உடைகிறது. நீங்கள் சுற்றுலா வந்தவர்கள் போல நடந்துகொள்கிறீர்கள், எங்களுக்குக் கொஞ்சம் மரியாதை கொடுங்கள் என்று கூட்டத்திடம் நேராகச் சொல்கிறார். சொல்லிவிட்டு இறங்கிப் போகவில்லை. பாடுகிறார். கொஞ்சம் கொஞ்சமாக மைதானம் அடங்குகிறது. அந்தப் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கூட வாசிப்பவர்களுக்கும் அவர் பாட்டுகள் எளிதாக இருக்கவில்லை. ராக் இசைக் கலைஞர்கள் திணறியதும் ஜாஸ் ஆட்களைத் தேடிப் போனார். அதன் உச்சம் 1979 செப்டம்பரில் சாண்டா பார்பராவில் நடந்த கச்சேரி. அடுத்த வருஷம் 'ஷேடோஸ் அண்ட் லைட்' என்ற பெயரில் வந்தது. பேஸ் வாசிப்பவர் ஜேகோ பஸ்டோரியஸ், கிட்டார் பேட் மெத்தீனி, சாக்ஸஃபோன் மைக்கேல் பிரெக்கர். இத்தனை பேர் இருந்தும், மேலே சொன்ன 'அமீலியா' வரும்போது மேடை கிட்டத்தட்ட காலியாகிவிடுகிறது. ஜோனியும் அவர் கிட்டாரும்தான். பாட்டு முடிவதும் மெத்தீனியின் கிட்டார் தொடங்குவதும் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. ஜோனியை ஒரே ஒரு பதிவில் கேட்கப் போகிறீர்கள் என்றால் இதைக் கேளுங்கள், ராத்திரி, ஹெட்ஃபோன் போட்டு.

கொஞ்சம் வேறு மாதிரி ஒரு காட்சியும் உண்டு. 1975-இல் பாப் டிலனோடு ஊர் ஊராகப் போன கச்சேரிப் பயணத்தின்போது, டொரொன்டோவில் பாடகர் கார்டன் லைட்ஃபுட் வீட்டில் நடந்தது. அப்போதுதான் எழுதிய 'கொயோட்டி'யை ஜோனி வாசிக்க, பக்கத்தில் டிலனும் ரோஜர் மெக்வினும் கிட்டாரோடு சேர்ந்துகொள்கிறார்கள். மேடை இல்லை, விளக்கு இல்லை, ஒரு அறை. எனக்குப் புரியாத அந்தக் கார்டுகளை அவர் என்னமோ பேச்சுவாக்கில் போல வாசித்துக்கொண்டு போகிறார்.

ட்யூனிங் தொல்லை தாங்காமல் 1990-களின் நடுவில் மேடையையே விட்டுவிட நினைத்தார். அப்போது ரோலண்ட் நிறுவனத்தின் விஜி-8 என்ற கருவி வந்தது. தந்திகள் சாதாரண ட்யூனிங்கிலேயே இருக்கும். ஒவ்வொரு தந்தியின் ஒலியையும் கருவி தனியாக எடுத்து வேண்டிய சுருதிக்கு மாற்றி வெளியே அனுப்பும். பாட்டுக்குப் பாட்டு ஒரு பொத்தான் போதும். மரக் கிட்டாரின் ஈரமான சத்தம் அதில் இல்லை என்று எனக்குக் குறை உண்டு. ஆனால் அவரை மேடையில் நிறுத்தி வைத்த கருவி என்பதால் அதற்கு நன்றி சொல்லிக்கொள்வேன்.

2015 மார்ச்சில் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து விழுந்தார். பேச, நடக்க எல்லாவற்றையும் மறுபடி கற்க வேண்டியிருந்தது. கிட்டார் முழுக்க மறந்துபோயிற்று. தன் பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்து, விரலை எங்கே வைத்திருக்கிறேன் என்று தன்னிடமிருந்தே மறுபடி கற்றுக்கொண்டதாகப் பேட்டியில் சொன்னார். 2022 ஜூலை 24, நியூபோர்ட் ஃபோக் விழா. யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பாடகி பிராண்டி கார்லைலும் நண்பர்களும் சுற்றி உட்கார்ந்திருக்க, 78 வயதில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். நடுவில் எழுந்து நின்று எலக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு, 1974-ஆம் வருஷத்துப் பாட்டு ஒன்றின் இசையை வார்த்தை இல்லாமல் தனியாக வாசித்தார்.

வேகம் இல்லை. ஒன்றிரண்டு இடத்தில் தயங்குகிறது. ஒன்பது வயதில் ஒரு முறை, எழுபது கடந்து இன்னொரு முறை கைவிட்டுப் போன அதே இடது கை. அந்தத் தயக்கத்துக்குப் பிறகு வந்து விழும் கார்டு, அதே பழைய ஜோனி கார்டு. எனக்கு அவருடைய எந்த இளவயதுக் கச்சேரியையும்விட இந்தச் சில நிமிஷங்கள் மேல்.

கிட்டார் வைத்திருப்பவர்கள் முயன்று பார்க்க நினைத்தால் ஓப்பன் டி-யில் தொடங்குங்கள். நான்கு தந்திகளைத் தளர்த்தினால் போதும், எதையும் ஏற்ற வேண்டாம், தந்தி அறுகாது. ஓப்பன் ஈ வேண்டுமென்றால் மேலே முறுக்காமல் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். கீழ் சி வரைக்கும் இறங்கும் ட்யூனிங்குகளுக்குக் கொஞ்சம் தடித்த ஆறாம் தந்தி வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையது தொளதொளவென்று ஃப்ரெட்டில் அடித்துக்கொண்டே இருந்தது, காரணம் புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

என் கிட்டார் வாரம் முழுக்க டி 7-5-4-3-5-இல்தான் இருக்கிறது. சர்ச்சுக்கு எடுத்துப் போகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் சாதாரண ட்யூனிங்குக்கு மாற்றுவேன். எஃப் வரும் இடத்தில் இப்போதும் கையை எடுத்துவிடுகிறேன்.