செவுளுக்குள் யார் யார்? வாசகர் கேள்விகள்

கேள்வி: இரண்டு இன மீன்கள் கலந்து பிறக்கும் மீன் தெம்பாக இருக்கும், நோய்நொடி அண்டாது என்கிறார் எங்கள் விலங்கியல் பேராசிரியர். ஒட்டுண்ணிகளும் அதை விட்டுவிடுமா?

பதில்: எந்தக் கலப்பு, எந்த ஒட்டுண்ணி என்று கேட்காமல் பதில் சொன்னால் அது ஜோசியம்.

ஐரோப்பிய ஆறுகளில் ரோச், பிரீம் என்று கெண்டைக் குடும்பத்து மீன்கள் இரண்டு உண்டு. சில இடங்களில் இரண்டும் கலந்துவிடும். இரண்டின் செவுளிலும் டாக்டைலோகைரஸ் என்ற தட்டைப்புழுக்கள் குடியிருக்கும். ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாதவைதான் அதிகம். செவுள் இழை ஒன்றைக் கத்தரித்து, சொட்டு நீரில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். தலைப்பக்கம் நான்கு கண்புள்ளிகள், வால்பக்கம் ஒரு ஜோடி பெரிய கொக்கி, ஓரமாக 14 பொடிக் கொக்கிகள். கொக்கியின் வளைவையும் ஆணுறுப்பின் வடிவத்தையும் வைத்துத்தான் இனம் பிரிக்கிறோம். கழுத்து வலிக்கும் வேலை.

இவற்றில் பல இனங்கள் மகா பிடிவாதம். ரோச்சில் வாழ்வது பிரீமை ஏறெடுத்தும் பார்க்காது. கலப்பினத்தின் செவுளில் மட்டும் இரு தரப்புப் புழுக்களையும் பார்க்கலாம். பங்கு பாதிக்குப் பாதி இல்லை. எண்ணிக்கையும் பெற்றோரிடம் இருப்பதைவிடப் பெரும்பாலும் குறைவு. ஆக, முதல் தலைமுறைக் கலப்பைப் பொறுத்தவரை உங்கள் பேராசிரியர் சொல்வது ஓரளவு சரி.

மெக்சிகோவின் சொனோரா பகுதிக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே பொயிசிலியாப்சிஸ் என்ற சிறு மீன்களில், கலப்பால் உண்டான பெண் மீன்கள் தங்களையே நகலெடுத்துக் குட்டி போடுகின்றன. விந்து தேவை, ஆனால் அப்பனின் மரபணு குட்டியில் சேராது. உயிரியலாளர் லைவ்லி குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், தோலில் கரும்புள்ளி உண்டாக்கும் புழு லார்வாக்களை எண்ணினார்கள். எண்ணிக்கையில் மிகுந்திருந்த நகல் குலத்துக்கே புள்ளிகள் அதிகம். ஒரு குட்டையில் மட்டும் தலைகீழ்: வறட்சிக்குப் பின் சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருக்கிய, கலப்பில்லாத மீன்கள் புள்ளிமயமாக இருந்தன. வேறிடத்துப் பெண் மீன்களைக் கொண்டுவந்து விட்டதும் நிலைமை மாறியது. கலப்பு என்ற பெயரால் ஒரு பலனும் இல்லை. புழுவுக்குப் பழகிப்போகாத மரபணு வேறுபாடு இருக்கிறதா என்பதே கேள்வி.

கேள்வி: செவுளில் எக்ஸ் எழுத்து மாதிரி ஒரு புழுவைப் பார்த்தேன். இரட்டைப் பிறவியா?

பதில்: இல்லை, கல்யாணம்! அது டிப்ளோசூன் வகை. 1832லேயே விலங்கியலாளர் நார்ட்மன் விவரித்துவிட்டார். ஒவ்வொரு லார்வாவுக்கும் வயிற்றில் ஓர் உறிஞ்சி, முதுகில் ஒரு குமிழ். ஒன்றின் குமிழை மற்றொன்று கவ்வ, உடல்கள் குறுக்காக இணைந்து ஒட்டிவிடும். அதன்பின் ஆயுள் முழுக்கப் பிரிவே கிடையாது. ஜோடி கிடைக்காத லார்வா பருவமடைவதில்லை.

கேள்வி: ஒட்டுண்ணியை வைத்தே ஒரு மீன் கலப்பினம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: சந்தேகப்படலாம், தீர்ப்பு எழுதக் கூடாது. இரு இனங்களுக்கே உரிய புழுக்கள் ஒரே செவுளில் இருந்தால் நல்ல துப்பு. உறுதிசெய்ய மரபணுச் சோதனை வேண்டும். கண்ணுக்குள் புகும் டிப்ளோஸ்டோமம் என்ற தட்டைப்புழு போன்றவற்றை வைத்து முயலவே வேண்டாம், அவை பல இன மீன்களிலும் ஏறும். இன்னொன்று: செத்து நெடுநேரமான மீனில் எண்ணாதீர்கள். அதற்குள் செவுள் புழுக்கள் பலவும் கழன்றோ சிதைந்தோ போயிருக்கும்.